கத்திக்கு முன்னரா, பின்னரா?

நேயர்களே, பெருங்குடலின் இறுதிப் பகுதி நேர்குடல் எனப்படும். அது ஒரு சாணுக்குங் குறைந்த நீளமுடையது. அங்கு தோன்றும் புற்று குடற்சுவரைக் கடந்து, சூழவுள்ள கொழுப்பினுள்ளோ அயலிலுள்ள நிணநீர்க்கணுக்களினுள்ளோ புகுந்திருக்கலாம். எனினும் தூரத்து உறுப்புக்களை எட்டாதிருக்கலாம். இந்நிலையே அவ்விடத்தில் முற்றிய நோயாகும்.

1908ஆம் ஆண்டில், இலண்டன் சத்திரவைத்தியர் ஏணஸ்ற் மைல்ஸ், நேர்குடலையும் குதத்தையும் ஒருங்கே அகற்றும் முறையை வெளியிட்டார். அம்முறையால் உயிர் தப்பியோர் வாழ்நாள் முழுவதும் வயிற்றில் அமைத்த துவாரத்தின் வழியே மலங்கழிக்க வேண்டியவராயினர். 1982இல், இங்கிலாந்தின் பேசிங்ஸ்ரோக் நகரத்து வைத்தியர் பில் ஹீல்ட், நேர்குடலைப் போர்த்துள்ள கொழுப்புறையைச் சிதையாது முழுமையாக எடுத்தால், நோய் அவ்விடத்தில் மீண்டும் முளைப்பது குறையும் என எடுத்துக்காட்டினார்.

கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் இதற்குத் துணைசெய்யும் என்பது தெளிவானபின் ஒரு வினா எழுந்தது. அவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் அளிப்பதா, பின்னர் அளிப்பதா? பின்னர் என்போர், வெட்டியெடுத்த பகுதியைச் சோதித்து நோயின் அளவை அறிந்தபின் அளித்தால், தேவையற்றோர் கதிரினின்று தப்புவர் என்றனர். முன்னர் என்போர், இரத்தவோட்டம் குலையாத இழையத்திலே கதிர் நன்கு வேலைசெய்யும் என்றனர்.

வாதத்தால் தீராத இவ்வினாவை ஜேர்மனிய வைத்தியர்கள் பரிசோதனையால் தீர்த்தனர். எண்ணூறுக்கு மேற்பட்ட நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோல இரு கூட்டமாகப் பிரித்தனர். வைத்தியரின் விருப்பு வெறுப்பு முடிவைச் சாய்த்துவிடாதிருத்தற்கே இவ்வேற்பாடு. 2004இல் முடிவு வெளிவந்தது. ஐந்தாண்டுகளில், பின்னர்ச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 13 பேருக்கு நோய் அவ்விடத்தில் மீண்டது. முன்னர்ப் பெற்றோருள் 6 பேருக்கே மீண்டது. குதத்தை அகற்றியே தீரவேண்டும் எனக் கருதப்பட்டோருள், அதைக் காக்க முடிந்தவர் முன்னர்ச் சிகிச்சை பெற்ற கூட்டத்தில் நூற்றுக்கு 39 பேர். பின்னர்ப் பெற்ற கூட்டத்தில் 19 பேர். ஆயினும் உயிர் பிழைத்தோர் தொகையில் இரு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை.

அதே ஆண்டில், பிரேசில் நாட்டு வைத்தியர் அஞ்செலித்தா ஹப்ர்-காமா, இச்சிகிச்சையால் கட்டி முற்றாக மறைந்தோரைக் கத்தி வையாது கவனித்துவந்த அனுபவத்தை வெளியிட்டார். 2022இல், நியூயோர்க்கில், ஒருவகை மரபணுக் குறைபாடுடைய கட்டிகளைக் கொண்ட 12 பேருக்கு நோயெதிர்ப்பு மருந்து மாத்திரம் அளித்தபோது, பன்னிருவரிலும் கட்டி மறைந்தது. எனினும் அவ்வகைக் கட்டி மிகச் சிலருக்கே உண்டு.

நேயர்களே, மலத்துடன் இரத்தம் கண்டால் மூலவியாதி என்று நாமே முடிவுசெய்து, நாணத்தால் மறைத்தல் தகாது. வயிற்றில் துவாரம் வைத்துவிடுவார்களே என அஞ்சி வைத்தியரை அணுகாதிருப்போர், அத்துவாரத்தைத் தவிர்க்கும் வாய்ப்பையே இழந்துவிடலாம்.