உப்புக்கு ஓலை உண்டு, உழைப்பவருக்கு நிழல் எங்கே?

மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், உப்பளக் கரைகளில் வெள்ளைக் குவியல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். மழையில் கரைந்துவிடக் கூடாதே என்று அவற்றின் மேல் பனையோலை வேய்கிறார்கள். ஆனால் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவரும், கூடையைத் தலையில் சுமந்து கரையேற்றும் பெண்ணும் ஒதுங்கி நிற்க ஒரு கொட்டகைகூடப் பல உப்பளங்களில் கிடையாது. பாத்தி மேல் நிழல் விழுந்தால் உப்பு விளையாது என்பது உண்மைதான். கரை மேல் நிழல் விழுந்தால் உப்புக்கு என்ன நஷ்டம்?

டிகிரி மட்டும் போதாது

ராஜஸ்தான் பாலைவனத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். மரக்காணத்தில் அவ்வளவு ஏறாது. அதற்காக இங்கே ஆபத்து குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். வறண்ட காற்றில் அது சட்டென்று உலர்கிறது. கடலோரத்தின் ஈரக்காற்றில் வழிந்துகொண்டே இருக்கிறது. போதாக்குறைக்கு, உப்பும் பாத்தி நீரும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கின்றன.

இதனால்தான் வேலையிட வெப்பத்தை அளக்க ‘ஈரக்குமிழ் கோள வெப்பநிலை’ என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். திறந்தவெளிக் கணக்கில் இதன் 70 சதவீதம், காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பநிலை; 20 சதவீதம், வெயிலின் கதிர்வீச்சைக் காட்டும் கோள வெப்பநிலை. வானிலை அறிக்கையில் நாம் கேட்கும் காற்று வெப்பத்துக்கு வெறும் 10 சதவீதம்தான். ஆகவே, ‘வெப்ப அலை’ அறிவிப்பு வராத நாளிலும் உப்பளத்தில் உடம்பு தாங்காத வெப்பம் இருக்கலாம்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழகத்தில் ஏழு உப்பளங்களைச் சேர்ந்த 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

வெயிலுக்குப் பயந்து வீட்டில் இருக்கலாமே என்று சொல்வது எளிது. மழை தொடங்கினால் உப்பள வேலை நின்றுவிடும். கோடையில் சம்பாதிப்பதுதான் வருஷத்துக்கும் ஆதாரம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு மதிய வேலைத் தடை தெரிந்திருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது, மீறினால் அபராதம். நம் உப்பளங்களுக்கு அப்படி ஒரு கட்டாய விதி இல்லை. ஆனாலும் கேட்டுப் பெறக்கூடிய உரிமைகள் இருக்கின்றன.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். குடிநீரும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் அதன்படி முதலாளியின் பொறுப்பு. உயிருக்கு ஆபத்து என்று நியாயமான அச்சம் எழுந்தால் அதை முதலாளியிடம் தெரிவிக்கும் உரிமையை 14ஆவது பிரிவு தருகிறது. ஆபத்து இருப்பது உண்மை என்று தெரிந்தால் அவர் உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

குறை தீராவிட்டால் தொழிலாளர் துறையிடமோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம். ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவுக்குப் பலம் அதிகம். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

வெப்ப அலையை 2024இல் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. சாவுக்குக் காரணம் வெப்பம் என்பது ஆவணத்தில் பதிவாக வேண்டும். ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டால் பிறகு அலைச்சல்தான். எத்தனை மணிக்கு, எங்கே, எந்த வேலையில் இருந்தபோது விழுந்தார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உயிர் காக்கும் நிமிடங்கள்

தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு, அடர்மஞ்சளாகச் சிறுநீர் போவது ஆகியவை முதல் எச்சரிக்கைகள். வேலையை நிறுத்தி, நிழலுக்குப் போய், நீர்மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் குறித்திருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது.

பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்கக் கூடாது. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உப்பள உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை: கரையில் ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு பானைத் தண்ணீர், பெண்களுக்கு ஒரு கழிப்பறை, வெயில் ஏறுமுன் முடியும் வேலை நேரம். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல. தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை: அரசின் தொழிலாளர் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்யாதவர்கள் அடுத்த உப்புப் பருவத்துக்குள் பதிந்துவிடுங்கள். உதவி கேட்டுப் போகும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்தப் பதிவு அட்டைதான்.