வில் சுமக்கும் வண்டி

நுழையும்முன்

சரக்கு வண்டியில் ஏற்றப்படும் சுமை சக்கரங்களை நேரடியாகச் சென்றடைவதில்லை. இடையில் எஃகுப் பட்டைகளும், ரப்பர் உருளைகளும், எண்ணெய் நிரம்பிய குழாய்களும் நிற்கின்றன. இவ்வமைப்பே தொங்கமைப்பு. ஓடித் தேய்ந்த பழைய சரக்கு வண்டிக்கு இவ்வுறுப்புகளை மாற்ற நேரும்போது எவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வில்வண்டியும் வில்பட்டையும்

நம் ஊர்களில் முன்பு இருவகை மாட்டுவண்டிகள் ஓடின. பொதி ஏற்றும் கட்டை வண்டியில் அச்சின்மீதே வண்டியின் உடல் அமர்ந்திருக்கும். பாதையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் வண்டியில் இருப்பவரின் முதுகெலும்பைத் தாக்கும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை வில்லைப் போல வளைந்து நிமிர்ந்து அதிர்ச்சியைத் தம்முள் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அவ்வண்டி வில்வண்டி எனப் பெயர் பெற்றது.

அதே வில்தான் இன்று கோயம்பேட்டிலிருந்து விடியற்காலையில் காய்கறி ஏற்றி வண்டலூர் நோக்கி வரும் சிறு சரக்கு வண்டியின் பின் அச்சையும் தாங்கி நிற்கிறது. இதனை ‘லீஃப் ஸ்பிரிங்’ என்றும் ‘பட்டை’ என்றும் வழங்குவர். வளைந்தபின் மீண்டும் பழைய வடிவை அடையும் தரமான எஃகால் ஆனது என்பதால், கழித்த பட்டையையும் கொல்லர்கள் வீணாக்குவதில்லை. அதனை அரிவாளாக அடித்துப் பயன்படுத்துவர்.

வண்டலூர் தந்த பாடம்

தொங்கமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் சாலைக்கும் வண்டிக்கும் உள்ள பொருத்தத்தை உணர்த்தும் வரலாறு ஒன்று வண்டலூருக்கு உண்டு. 1948ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ நிறுவனத்தின் தொழிற்சாலை இங்குதான் இயங்கியது. ‘ஸ்டாண்டர்டு 20’ என்னும் சிறு வணிக வண்டியையும் பலவகை மகிழுந்துகளையும் அது உருவாக்கியது.

1961ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் தயாரித்த ‘ஹெரால்டு’ மகிழுந்து, இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சுகளில் பொருத்தப்பட்டிருந்தன. குறுக்கே வைக்கப்பட்ட ஒரே பட்டைத் தொகுதி இரண்டையும் தாங்கியது. சுமை கூடினால் இவ்வமைப்பில் சக்கரத்தின் சாய்வும் மாறும். இந்திய உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் இவ்வூசல் அச்சினைப் பெரிதும் விரும்பவில்லை. எனவே 1972இல் வெளிவந்த ‘கசெல்’ என்னும் மகிழுந்தில் நிறுவனம் பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு, பின்பகுதியில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சைப் பொருத்தியது. 1988ஆம் ஆண்டுடன் அங்கு உற்பத்தி நின்றுபோனது. எனினும் அது விட்டுச்சென்ற பாடம் நிலைத்திருக்கிறது: ஓர் உறுப்பின் சிறப்பை, அது ஓட வேண்டிய சாலையும் அது சுமக்க வேண்டிய சுமையுமே தீர்மானிக்கின்றன.

உறுப்புகளும் பணிகளும்

பழைய சரக்கு வண்டியின் பின்பகுதித் தொங்கமைப்பில் நான்கு உறுப்புகள் முதன்மையானவை.

முதலாவது, பட்டைத் தொகுதி. சுமையைத் தாங்குவது இதுவே. இரண்டாவது, அதிர்வடக்கி, அதாவது ‘ஷாக் அப்சார்பர்’. பள்ளத்தில் இறங்கி ஏறிய பட்டை ஊஞ்சலைப் போலத் தொடர்ந்து ஆடாமல் இது அடக்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே தள்ளப்படும்போது அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. அதிர்வடக்கி சுமையைத் தாங்குவதில்லை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பின்பகுதி தாழ்ந்த வண்டிக்குப் புதிய அதிர்வடக்கியை வாங்கிப் பொருத்துவதால் அது உயர்ந்துவிடாது.

மூன்றாவது, பட்டையின் கண்களில் பொருத்தப்படும் புஷ். அது தேய்ந்தால் அச்சு தன் நேர்க்கோட்டிலிருந்து விலகும். வண்டி ஒருபுறமாக இழுக்கும். நான்காவது, பட்டையையும் அச்சையும் இறுகப் பிணைக்கும் யு-போல்ட். உருவில் சிறியதாயினும், இதன் பிடி தளர்ந்தால் அச்சே நகர்ந்துவிடும்.

சுமையை அறிதல்

தேர்வின் முதற்படி கடையில் தொடங்குவதில்லை. வண்டியின் பதிவுச் சான்றில் தொடங்குகிறது. அதில் வெற்று எடையும் மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு வண்டியின் வெற்று எடை 1,700 கிலோ, மொத்த எடை 2,900 கிலோ எனக் கொள்வோம். எனில் அவ்வண்டியில் ஏற்றத்தக்க எடை 1,200 கிலோ. வெற்று எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர்க்கப்படுவதில்லை என்பதால், அவர்களது எடையையும் இந்த 1,200 கிலோவுக்குள்ளேயே கணக்கிட வேண்டும்.

அடுத்து, நாள்தோறும் ஏற்றும் சுமை எவ்வளவு, வெறுமையாகத் திரும்பும் தொலைவு எவ்வளவு, ஓடுவது நெடுஞ்சாலையிலா, மழைக்குப்பின் குழிகள் நிறைந்த உட்சாலைகளிலா என்னும் வினாக்களுக்கு விடை காண வேண்டும். தண்ணீர்க் குடுவைகளை ஏற்றி முடிச்சூர்த் தெருக்களில் செல்லும் வண்டிக்கும், அறைகலன்களை ஏற்றி வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் செல்லும் வண்டிக்கும் தேவை ஒன்றாக இராது.

கனமும் விறைப்பும்

சுமையால் பின்பகுதி தாழ்ந்த வண்டிக்கு ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்க்குமாறு பலரும் கூறுவர். கனமான பட்டையைப் பொருத்துமாறு கூறுவோரும் உண்டு. இவ்விரண்டும் ஒரே அளவில் பயன்தருவன அல்ல. ஒரே அளவுள்ள ஐந்து பட்டைகளுடன் ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தால் தொகுதியின் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால், பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுவது. 7 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைகளுக்கு மாற்றாக 8 மில்லிமீட்டர் பட்டைகளைப் பொருத்தினால், கண்ணுக்குப் புலப்படாத அந்த ஒரு மில்லிமீட்டர் விறைப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்கிவிடும்.

மிகை விறைப்பு நன்மை பயக்கும் என எண்ணுவது பிழை. பட்டை வாங்கிக்கொள்ளாத அதிர்ச்சி மறைந்துபோவதில்லை. அது வண்டியின் சட்டகத்தையும், அச்சின் தாங்கிகளையும், டயர்களையும் சென்று தாக்குகிறது. துருப்பிடித்த பழைய சட்டகத்தில் இதனால் விரிசல் தோன்றக்கூடும். வெறுமையாகத் திரும்பும்போது பின்சக்கரங்கள் துள்ளும். துள்ளும் சக்கரத்திற்குச் சாலையில் பிடிப்பு குறையும்.

இதனினும் ஆழ்ந்து நோக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. சரக்கு வண்டிகள் பலவற்றில் சுமையை உணரும் பிரேக் வால்வு ஒன்று பின் அச்சருகே அமைந்திருக்கும். சுமை ஏறி வண்டியின் உடல் தாழ்வதை ஒரு நெம்புகோலின் வழியே உணர்ந்து, பின் பிரேக்குகளுக்கு அது கூடுதல் அழுத்தத்தை அனுப்பும். விறைப்பு மிகுந்த பட்டைகள் உடலைத் தாழவிடாமல் நிறுத்தினால், வண்டி வெறுமையாக இருப்பதாகவே வால்வு கொள்ளும். ஒரு டன் சுமையுடன் செல்லும் வண்டிக்குத் தேவையான பின் பிரேக் விசை அப்போது கிடைக்காது. வண்டி நிற்கும் தொலைவு நீளும். பெருங்களத்தூரில் சாலையைக் கடக்கும் ஒருவரின் உயிர், அவர் அறியாத அந்தப் பட்டையின் தேர்வில் அடங்கியிருக்கிறது.

மேலும், தடித்த பட்டைகளைப் பொருத்துவதால் சட்டம் அனுமதிக்கும் எடை உயர்ந்துவிடாது. மிகைச்சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதமாக விதிக்கிறது.

தேய்வைக் கண்டறிதல்

எவை பழுதடைந்துள்ளன என்பதை அறிந்தபின்னரே மாற்ற வேண்டியவற்றை முடிவு செய்தல் வேண்டும். வெறுமையான வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து அதன் மேலுள்ள வளைவு வரையிலான உயரத்தை இருபுறமும் அளக்க வேண்டும். இருபுற உயரங்களும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால், தாழ்ந்த புறத்துப் பட்டை தளர்ந்திருக்கக்கூடும். பட்டைகளின் நடுப்பகுதியிலும் கண்களின் அருகிலும் விரிசல் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். அதிர்வடக்கியின்மீது எண்ணெய் வழிந்திருந்தால் அது பயனிழந்தது எனக் கொள்ளலாம். டயரில் ஆங்காங்கே குழிந்த தேய்வு காணப்படின் அதுவும் அதிர்வடக்கியின் தளர்ச்சியைச் சுட்டும்.

வாங்குதலும் பொருத்துதலும்

சென்னைப் புதுப்பேட்டை, பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் பெயர் பெற்றது. தயாரிப்பு நின்றுபோன வண்டிகளின் உரிமையாளர்களுக்கு அத்தகைய சந்தையே புகலிடம். கதவு, கண்ணாடி, கைப்பிடி போன்றவற்றைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடலாம். பட்டையை அவ்வாறு மதிப்பிட இயலாது. இலட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்ததால் எஃகுக்கு நேர்ந்த சோர்வு, விரிசல் விடும் வரை வெளியே தெரியாது. ஆகவே பழைய பட்டையின் குறைந்த விலையை அதன் முழு விலையாகக் கருதலாகாது.

புதியதை வாங்கும்போது வண்டியின் வகை, தயாரிப்பு ஆண்டு, உறுப்பின் எண் ஆகியவற்றை ஒப்பிட்டு, உரிய பற்றுச்சீட்டுடன் பெறுதல் வேண்டும். பட்டைகளின் நீளம், அகலம், கனம், எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து சரிபார்த்தல் நலம். பட்டைகளையும் அதிர்வடக்கிகளையும் இருபுறமும் ஒருசேர மாற்றினால்தான் வண்டி சமநிலையில் நிற்கும். தளர்ந்த பட்டையைத் தீயிலிட்டு வளைத்து மீண்டும் பொருத்துவோரும் உளர். முறையான வெப்பப் பதப்படுத்தல் இல்லையேல், அது விரைவில் மீண்டும் தாழும், அல்லது முறியும்.

யு-போல்ட் ஒருமுறை இறுக்கப்பட்டவுடன் சற்று நீள்வதால், பட்டையை மாற்றும்போது அதனையும் புதிதாக இடுவதே முறை. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதன் இறுக்கத்தை மீண்டும் சோதிக்க வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களின்மீது நின்றபின்னரே முழுமையாக இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கப்பட்டு விரைவில் கிழியும்.

ஒரு குடும்பத்தின் வருவாய் முழுவதும் ஒரு பழைய சரக்கு வண்டியைச் சார்ந்திருப்பதைத் தென்சென்னைப் புறநகரில் பரவலாகக் காணலாம். அக்குடும்பத்திற்குப் பழுதுபார்ப்புச் செலவு சிறிதன்று. அதனாலேயே அளந்து, கணக்கிட்டு, பொருத்தமறிந்து செலவிடும் அறிவு அவர்களுக்கு முதலீடாகிறது. வில்லின் வலிமை அதன் விறைப்பில் மட்டும் இல்லை. வேண்டிய அளவு வளைந்து, மீண்டும் நிமிர்வதில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள பட்டறை ஒன்றுக்குச் சென்று, வண்டி உறுப்புகளுக்கு அங்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய தமிழ்ச் சொற்களுடன் பட்டியலிடுக.

2. ‘மிகைச்சுமை – உரிமையாளரின் ஆதாயமா, ஊரின் ஆபத்தா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.