ஒரே சட்டை – 9: டெல் மைதானத்து நெசவாளர்

மேட் லெ டிஸியே 1968 அக்டோபர் 14 அன்று கெர்ன்சி தீவின் செயின்ட் பீட்டர் போர்ட் நகரில் பிறந்தார். ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் இந்தச் சிறு தீவு பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் இருந்தாலும், இங்கிலாந்தைவிடப் பிரான்சின் நார்மண்டிக் கரைக்குத்தான் பக்கம். ஊர்ப்பெயர்களிலும் குடும்பப்பெயர்களிலும் பிரெஞ்சு வாடை வீசும். 'லெ டிஸியே' என்ற குடும்பப்பெயருக்கு நெசவாளர் என்று பொருள். தறி நெய்த முன்னோர் யாரோ அவருக்கு இருந்திருக்க வேண்டும். 16 ஆண்டுகள் ஒரே கிளப்பின் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையை மட்டுமே அணிந்தவருக்குப் பொருந்திய பெயர்தான்.

1984-ல் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் கிளப் அவரை வரவழைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. மறு ஆண்டு சவுதாம்ப்டன் கிளப் பயிற்சி ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. 1986 செப்டம்பரில், 18 வயது நிறையும் முன்பே, நார்விச் அணிக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். அதில் சவுதாம்ப்டன் 4–3 எனத் தோற்றது. கோல்களுக்குக் குறைவில்லை, ஆனாலும் தோல்வி: அவருடைய காலத்துச் சவுதாம்ப்டனின் சரித்திரம் பல வருடம் இப்படித்தான் ஓடியது.

சவுதாம்ப்டன் இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுக நகரம். 1912-ல் டைட்டானிக் கப்பல் புறப்பட்டது இங்கிருந்துதான். 1885-ல் செயின்ட் மேரி தேவாலயத்து இளைஞர்கள் கூடித் தொடங்கியதால் கிளப்புக்கு 'செயின்ட்ஸ்' என்று செல்லப்பெயர். இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தபோதே 1976-ல் மான்செஸ்டர் யுனைடெடை 1–0 என வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியதுதான் அதன் ஒரே பெரும் வெற்றி. லீக் பட்டம் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. 1983–84-ல் இரண்டாம் இடம் வரை எட்டிப் பார்த்ததோடு சரி.

கிளப் எழாததற்கான காரணத்தை அதன் மைதானத்திலேயே பார்க்கலாம். 1898 முதல் அது ஆடிவந்த டெல் மைதானம் குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்றது. சுற்றிலும் தெரு, விரிவாக்க ஓரடி இடமில்லை. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் ரசிகர்கள் மாண்டபின், மேல்மட்டக் கிளப்புகளின் மைதானங்களில் நின்று பார்க்கும் பகுதிகள் அனைத்தும் இருக்கைகளாக மாற வேண்டும் என்று ஆணை வந்தது. இருக்கை போட்டதும் டெல்லில் சுமார் 15,000 பேருக்குத்தான் இடம். பிரீமியர் லீகிலேயே மிகச் சிறிய மைதானங்களில் ஒன்றாக அது ஆனது. டிக்கெட் வருமானம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். செலவு தாங்காத கிளப் என்ன செய்யும்? வளர்த்த பிள்ளைகளை விற்கும். 1992-ல் ஆலன் ஷியரரை அன்றைய பிரிட்டிஷ் சாதனைத் தொகைக்கு பிளாக்பர்ன் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு கோல் கீப்பர் டிம் ஃபிளவர்ஸும் அங்கேயே போனார். 1995-ல் பிளாக்பர்ன் லீக் பட்டம் வென்றபோது முன்னே ஷியரர், பின்னே ஃபிளவர்ஸ். டெல்லிலிருந்து போனவர்களின் கழுத்தில் பதக்கம். டெல்லில் தங்கியவருக்கு அடுத்த வாரத்து ஆட்டம்.

தங்கியவர் சாதாரண ஆட்டக்காரர் அல்லர் என்பது 1989–90-லேயே தெரிந்துவிட்டது. ஷியரரும் ராட் வாலஸும் இருந்த அந்த அணியில் லெ டிஸியே லீகில் மட்டும் 20 கோல் போட்டார். அணி ஏழாம் இடம் பிடித்தது. தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தரும் விருது அது.

ஆறடிக்கு மேல் உயரம், சற்றே கனத்த உடம்பு, அவசரமே இல்லாத நடை. வேகமாக ஓடுபவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. எண்ணெய்த் தீனி மேல் ஆசை உண்டு, பயிற்சியில் ஓடச் சொன்னால் முகம் சுளிப்பார். இதை அவர் மறைத்ததும் இல்லை. இப்படிப்பட்டவர் தடுப்பாட்டக்காரர்களைக் கடந்தது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு விடை அவர் பந்தை வைத்திருந்த உயரம். தடுப்பவரின் கால் புல்லோடு சறுக்கி வரும். தரையில் உருளும் பந்தைத்தான் அது எட்டும். லெ டிஸியே பந்தை முழங்கால் உயரத்துக்கோ இடுப்பளவுக்கோ மெல்லத் தூக்கிவிடுவார். அந்த ஒரு கணத்தில் சறுக்கி வந்த காலுக்கு வேலையில்லை. பந்து தலைக்கு மேலே போகும், இவர் பக்கவாட்டில் நடந்துபோய் மறுபுறம் அதை வாங்கிக்கொள்வார். இதற்கு வேகம் வேண்டாம். காலில் பந்து எத்தனை அழுத்தத்தில் படுகிறது என்ற கணக்கு பிசகாமல் இருந்தால் போதும். இரண்டு காலிலும் அந்தக் கணக்கு அவருக்கு இருந்தது.

1993 அக்டோபர் 24 அன்று நியூகாசிலுக்கு எதிராக டெல்லில் போட்ட கோல் இதற்குப் பாடம் போன்றது. அப்போதைய மேலாளர் இயன் பிரான்ஃபுட் உயரமாகத் தூக்கி அடிக்கும் ஆட்டத்தை நம்பியவர். அதில் லெ டிஸியேவுக்கு இடம் எது என்று தெரியாமல் சில ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்திருந்தார். திரும்ப அழைத்த அன்று, சக ஆட்டக்காரர் தலையால் தட்டிய பந்து இவருக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. ஓடிய ஓட்டத்திலேயே பின்காலால் அதை முன்னே கொண்டுவந்தார். எதிரே வந்த முதல் ஆளைத் தாண்டி ஒரு தட்டு, அடுத்த ஆளின் தலைக்கு மேலே இன்னொரு தட்டு, பிறகு கோல் கீப்பரைக் கடந்து மூலைக்குள் மெல்லிய உருட்டல். அந்தக் கடைசி உதை சரியாகப் படவில்லை என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அன்றே பிந்திய நிமிடங்களில் தொடையில் பந்தை நிறுத்தி, கீழே விழும் முன் அடித்த இரண்டாவது கோல் ஆட்டத்தை 2–1 என வென்றுகொடுத்தது.

கேட்டலோனியாவில் சிறுவனாகத் தொலைக்காட்சியில் இத்தகைய கோல்களைப் பார்த்துச் சொக்கிப்போனவர்களில் ஒருவர் ஷாவி. பார்சிலோனாவின் நடுக்களத்தை ஆண்ட அதே ஷாவிதான். வேகமே இல்லாமல், நடந்தபடியே ஏழெட்டுப் பேரைத் தாண்டுகிற திறமை என்று அவர் பின்னர் வியந்து பேசினார்.

1994 ஜனவரியில் பிரான்ஃபுட் போய் ஆலன் பால் மேலாளராக வந்தார். 1966-ல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியிலேயே வயதில் இளையவர் அவர். வந்ததும் பயிற்சிக் களத்தில் லெ டிஸியேவை நடுவில் நிற்க வைத்து, மற்றப் பத்துப் பேரையும் சுற்றி நிறுத்தினார். உங்களில் சிறந்தவன் இவன், எப்போது பந்து கிடைத்தாலும் இவனிடம் கொடுங்கள் என்பதே அவர் சொன்ன தந்திரம். பலகையில் கோடு போட்டு விளக்க எதுவுமில்லை. முழுக் கால்பந்து அணியை ஒருவரைச் சுற்றிக் கட்டுவது ஆபத்தான வேலை. ஆனால் கீழே விழவிருந்த கிளப்புக்கு வேறு வழியும் இல்லை.

அந்த சீசனின் பிற்பாதியை வரிசையாகப் பார்த்தால் கதை தானே விரியும். பாலின் முதல் ஆட்டத்தில் நியூகாசிலின் சொந்த மைதானத்திலேயே ஃப்ரீ கிக்கால் வெற்றி கோல். பிப்ரவரி 14 அன்று லிவர்பூலுக்கு எதிராக மூன்று கோல், 4–2. அதே மாதம் விம்பிள்டனுக்கு எதிரான ஃப்ரீ கிக்கில், சக ஆட்டக்காரர் உருட்டிய பந்தைக் காலால் மேலே எடுத்து, கீழே விழும் முன்பே வலைக்குள் அடித்தார். ஏப்ரலில் நார்விச் மைதானத்தில் இன்னொரு மூன்று கோல், 5–4. கடைசி நாளில் வெஸ்ட் ஹாமுடன் 3–3. 22 அணிகளில் கடைசி மூன்று இறங்க வேண்டிய அந்த ஆண்டில் சவுதாம்ப்டன் 43 புள்ளிகளுடன் 18-ஆம் இடம். 20-ஆம் இடத்தில் இறங்கிய ஷெஃபீல்டு யுனைடெடுக்கு 42. சீசன் முழுதும் சவுதாம்ப்டன் அடித்த 49 லீக் கோல்களில் 25 அவருடையவை. லீக் பட்டத்துக்குக் கோப்பை உண்டு, இறங்காமல் பிழைத்ததற்குக் கோப்பை கிடையாது. அப்படி ஒன்று இருந்திருந்தால் அவர் வீட்டு அலமாரி நிறைந்திருக்கும். 1996-ல் கோல் வித்தியாசத்தில் மட்டும் தப்பியது, 1999-ல் கடைசி நாள் வரை மூச்சைப் பிடித்து நின்றது என்று அந்தப் பட்டியல் நீளும்.

அவருடைய மிகப் பேர்பெற்ற கோல் தோற்ற ஆட்டம் ஒன்றில் வந்தது. 1994 டிசம்பர் 10, பிளாக்பர்ன் மைதானம். நடுக்கோட்டைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் பந்தை வாங்கி, இப்படியும் அப்படியும் வெட்டி ஆட்களை விலக்கி, சுமார் 35 கஜத் தொலைவிலிருந்து வளைத்து அடித்தார். பந்து கோல் கீப்பரின் கைக்கு மேலே எழும்பி மேல்மூலையில் இறங்கியது. கீழே விழுந்து கிடந்த கோல் கீப்பர் பழைய நண்பர் டிம் ஃபிளவர்ஸ். பி.பி.சி. அதை அந்த சீசனின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது. ஆட்டம் 3–2 எனப் பிளாக்பர்னுக்கு.

பெனால்டியில் அவருடைய கணக்கு இன்னும் வியப்பானது. சவுதாம்ப்டனுக்காக அடித்தவை 48, உள்ளே போனவை 47. தடுத்தவர் ஒரே ஒருவர்: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் மார்க் கிராஸ்லி, 1993 மார்ச் 24. நல்ல கோல் கீப்பராகப் பல ஆண்டுகள் ஆடிய கிராஸ்லியை இன்றும் அந்த ஒரு பந்தை வைத்தே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவரை யாரும் கேட்காமல் இல்லை. சிறுவயதில் அவர் டாட்டன்ஹாம் ரசிகர். அந்த அணியின் கிளென் ஹாடில்தான் ஆதர்சம். 1990-ல் அதே டாட்டன்ஹாம் வந்து அழைத்து, பேச்சு கையெழுத்து வரை போனது. அப்போது மணமுடிக்கவிருந்த பெண்ணுக்கு லண்டனில் குடியேற மனமில்லை, அவரும் பின்வாங்கினார். 1995-ல் செல்சி அழைத்தது. அப்போது அதன் மேலாளர் ஹாடிலேதான். அதற்கும் இல்லை என்றே பதில். இந்த மறுப்புகளைத் தியாகம் என்று எழுதுவது வழக்கம். அது மிகை. தொழில்முறையாக ஆட வேண்டும், இங்கிலாந்துக்காக ஆட வேண்டும் என்ற இரண்டே ஆசைகள் அவருக்கு இருந்தன. இரண்டும் சவுதாம்ப்டனிலேயே கைகூடின. பயிற்சியில் கூடுதலாக ஒரு சுற்று ஓட மறுத்த அதே சுபாவம்தான் கிளப் மாறவும் மறுத்தது. குறை சொன்னவர்கள் அதைச் சோம்பல் என்றார்கள், டெல்லின் ரசிகர்கள் விசுவாசம் என்றார்கள். 'லெ காட்' என்று தெய்வப்பட்டமும் கட்டினார்கள்.

அந்தச் சுபாவத்துக்கான விலையை இங்கிலாந்து அணியில் கொடுத்தார். 1994 மார்ச்சில் டென்மார்க்குக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக முதல் வாய்ப்பு. மூன்றே ஆண்டுகளில் மொத்தம் எட்டு ஆட்டம், கோல் ஒன்றுமில்லை. கடைசி ஆட்டம் 1997 பிப்ரவரியில் வெம்பிளியில் இத்தாலிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. ஜோலாவின் ஒரு கோலில் இங்கிலாந்து தோற்றது. ஒரு மணி நேரம் ஆனதும் லெ டிஸியே வெளியே அழைக்கப்பட்டார். 1998 ஏப்ரலில் இங்கிலாந்தின் 'பி' அணிக்காக ரஷ்ய 'பி' அணிக்கு எதிராக மூன்று கோல் போட்டும், உலகக் கோப்பைக்கான 30 பேர் முதல் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. பட்டியல் போட்டவர், அதற்குள் இங்கிலாந்து அணி மேலாளராகியிருந்த ஹாடில். அதன்பின் காயங்களும் சேர்ந்துகொண்டன, பழைய ஆட்டம் திரும்பவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே ஹாடில் சவுதாம்ப்டனுக்கே மேலாளராக வந்தது விதியின் குறும்பு. அந்த ஏப்ரலில் லெ டிஸியே பிரீமியர் லீகில் 100 கோல் தொட்ட முதல் நடுக்கள ஆட்டக்காரரானார்.

2001 மே 19 அன்று டெல்லில் கடைசி லீக் ஆட்டம், எதிரணி ஆர்சனல். பெரிய புதிய மைதானம் செயின்ட் மேரீஸ் தயாராகிவிட்டது. அந்த சீசனில் காயத்தால் பெரும்பாலும் ஆடாதிருந்த லெ டிஸியே பிற்பாதியில் மாற்றாக இறங்கினார். 2–2 என்ற நிலையில், 89-ஆம் நிமிடம், பந்து எகிறி அவர் பக்கம் வந்தது. திரும்பிய திருப்பத்திலேயே இடது காலால் அடித்தார், மேலே வலைக்குள். அந்த சீசனில் அவருடைய ஒரே லீக் கோல் அது. 103 ஆண்டு ஆடிய மைதானத்தின் கடைசி லீக் கோலும், கிளப்புக்காக அவர் போட்ட கடைசி கோலும் ஒன்றாகவே அமைந்தன. கதையில் எழுதியிருந்தால் ஆசிரியர் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லியிருப்பார்.

மறு ஆண்டு ஓய்வுபெற்றார். 540 ஆட்டம், 209 கோல், பெரிய கோப்பை எதுவுமில்லை. 1992-ல் வெம்பிளியில் ஆடிய ஃபுல் மெம்பர்ஸ் கோப்பை இறுதிப்போட்டியில்கூட அவர் ஒரு கோல் போட்டும் அணி நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 3–2 எனத் தோற்றது. பிறகு தொலைக்காட்சியில் கால்பந்து பேசினார். 2013-ல், 44 வயதில், பிறந்த தீவின் கெர்ன்சி எஃப்.சி. சட்டையை ஒருமுறை போட்டுக்கொண்டார். 'ஒரே சட்டை' என்ற கணக்கில் அந்தத் தீவுச் சட்டையைச் சேர்க்க யாரும் மனம் வைக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்திலும் அதன் பின்னும் சமூக ஊடகத்தில் அவர் சொன்ன கருத்துகள் பல ரசிகர்களைச் சங்கடப்படுத்தின. 2022-ல் கிளப் தூதர் பொறுப்பிலிருந்து விலகினார். அவருடைய ஆட்டத்தை மெச்சுகிறவர்கள் அவர் பேச்சையெல்லாம் மெச்ச வேண்டிய கட்டாயம் இல்லை.

அவர் போன மூன்றாம் ஆண்டு, 2005-ல், சவுதாம்ப்டன் 27 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக மேல்பிரிவிலிருந்து இறங்கியது. டெல் மைதானம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. கட்டடங்களுக்குப் பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றில் ஒன்று லெ டிஸியே கோர்ட்.