பால் செரிமானமும் இன அடையாளமும்: கல்வராயன் மலைப்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் திறன் மக்கள் குழுக்களுக்கிடையே வேறுபடுகிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. அவ்வுண்மை, ‘இன்ன இனத்தாருக்குப் பால் சேராது’ என்னும் முன்முடிவாக மாறும் இடத்தை இக்கட்டுரை இனங்காண முற்படுகிறது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய ஆய்வொன்றும், கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சமூக அடையாளமும் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லாக்டோஸ் ஏற்பின்மை, லாக்டேஸ் நொதி, மலையாளிப் பழங்குடியினர், கல்வராயன் மலை, முன்முடிவு.

முன்னுரை

தியாகதுருகம் கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, கோட்டைக் குன்றின் அடியில் அமைந்த சமவெளி ஊர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே சென்றால் கல்வராயன் மலையும் வெள்ளிமலையும் வரும். 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சமவெளியினரும் மலைவாழ் மக்களும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வாழ்கின்றனர். மருத்துவம், ஊட்டச்சத்து, கல்வி ஆகியன தொடர்பான அறிவுரைகள் பெரும்பாலும் சமவெளியிலிருந்தே மலைக்குச் செல்கின்றன. அவ்வறிவுரைகளுள் எது அறிவியல், எது முன்முடிவு எனப் பகுத்தறிய வேண்டிய தேவை இங்கு உண்டு. பால் செரிமானம் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

சொற்குழப்பமும் கருத்துக்குழப்பமும்

சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் நொதி, லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிக்கிறது. நோயற்ற குழந்தைகள் எவ்வினத்தவராயினும் இந்நொதியுடனேயே பிறக்கின்றனர். தாய்ப்பாலிலும் லாக்டோஸ் மிகுதியாக உள்ளது. தாய்ப்பால் பருவத்திற்குப் பின் இந்நொதி படிப்படியாகக் குறைவதே மனித இயல்பு. உலகின் வயதுவந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இந்நிலையிலேயே உள்ளனர். எனவே, நொதி குறைவதை நோய் என்பதைவிட, குறையாதிருப்பதை விலக்கு என்பதே பொருந்தும்.

தமிழில் ‘ஒவ்வாமை’ என்னும் ஒரே சொல் மூன்று வெவ்வேறு நிலைகளுக்கு வழங்கப்படுகிறது. நொதி குறைந்திருப்பது ஒன்று. அதனால் செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் நொதித்து, வயிற்றுப் பொருமலும் பேதியும் தோன்றுவது மற்றொன்று, இதுவே ஏற்பின்மை. பால் புரதத்திற்கு உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் எதிர்வினை மூன்றாவது. லாக்டோஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நொதி குறைந்த அனைவருக்கும் அறிகுறிகள் தோன்றுவதில்லை. அவர்களுள் பலரால் ஒரே வேளையில் 12 கிராம் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு குவளைப் பாலிலுள்ள லாக்டோஸை, பெருந்தொல்லையின்றி ஏற்க முடியும் என 2010இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு முடிவு கண்டது. தயிரில் லாக்டோஸின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே சிதைத்துவிடுகின்றன. நெய்யில் அது ஏறக்குறைய இல்லை. ஆகவே, ‘பால் சேராது’ என்னும் கூற்று, எவ்வளவு பால், எவ்வடிவில் என்னும் வினாக்களை விட்டுவிடுகிறது.

1981ஆம் ஆண்டு ஆய்வு: எண்ணும் விளக்கமும்

தாண்டன் முதலியோர் 200 நலமான இந்தியரிடம் நடத்திய ஆய்வு 1981இல் வெளிவந்தது. புதுதில்லியில் சோதிக்கப்பட்டவருள் 27.4 விழுக்காட்டினருக்கும், திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய தென்னக மையங்களில் 66.6 விழுக்காட்டினருக்கும் லாக்டோஸ் ஏற்பின்மை காணப்பட்டது. இவ்வேறுபாடு உண்மையானது. ஆனால் வடக்கில் விகிதம் குறைந்திருப்பதற்கு, அம்மக்கள் நெடுங்காலம் பால்பண்ணை வாழ்வு நடத்திய ஆரியரின் வழித்தோன்றல்களாக இருக்கலாம் என்னும் விளக்கத்தையும் அவ்வாய்வு முன்வைத்தது. எண் சோதனையிலிருந்து கிடைத்தது. விளக்கமோ சோதனைக்கு வெளியிலிருந்து வந்தது. ஒரே கட்டுரையில் இரண்டும் அருகருகே நிற்கையில், எண்ணின் உறுதி விளக்கத்திற்கும் உரியதாகத் தோன்றிவிடுகிறது.

பின்வந்த மரபணு ஆய்வுகள் படத்தைச் சிக்கலாக்கின. 2002இல் பின்லாந்து ஆய்வாளர்கள், லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 எழுத்துகள் முன்னே நிகழும் ஒரு மாற்றமே நொதி குறையாமைக்குத் தொடர்புடையது எனக் கண்டனர். 2007இல், கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பரிடம் அதே திறன் வேறு மாற்றங்களால் தனித்துத் தோன்றியது நிறுவப்பட்டது. இந்தியாவெங்கும் 2,000க்கு மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த ஆய்வு, ஐரோப்பியரிடமுள்ள அதே மாற்றமே இந்தியாவிலும் முதன்மையானது என்றும், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி அது குறைகிறது என்றும் காட்டியது. ஆயின் நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடரிடம் அது குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. தோடர் மொழி திராவிட மொழி. மக்கள் இடப்பெயர்வுக்கு இதில் பங்குண்டு என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில் மொழியோ இனப்பெயரோ மட்டும் இப்பரவலை விளக்கப் போதாது என்பதும் தெளிவு. கால்நடை சார்ந்த வாழ்வியலும் உடன் கருதத்தக்கது.

‘மலையாளி’ என்னும் வகைமை

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் தமிழ் பேசுவோர். கேரள மலையாளிகளோடு பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லாதவர். ‘மலையை ஆள்வோர்’, ‘மலைவாழ்வோர்’ எனப் பொருள் தரும் இப்பெயர் வாழிடத்தைச் சுட்டுகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர் என்பது அவர்களின் வாய்மொழி மரபு. சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் இம்மக்கள் வாழ்கின்றனர்.

பட்டியல் பழங்குடியினர் ஆணையில் இச்சமூகம் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு மட்டுமே இடம்பெற்றுள்ளது. அதனால் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை மலையாளிகள் தம்மையும் பட்டியலில் சேர்க்கக் கோரி நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். ஒரே சமூகம் ஒரு மாவட்டத்தில் பழங்குடியாகவும் மற்றொன்றில் பழங்குடி அல்லாததாகவும் இருப்பது நிர்வாக வரையறையின் விளைவு. உரிமைகளைப் பெற இவ்வகைமை இன்றியமையாதது; உடலியல் பண்பை ஊகிக்க அது கருவியாகாது. புதுச்சேரியில் கண்ட விகிதத்தைத் தியாகதுருகத்தாருக்கும், அங்கிருந்து வெள்ளிமலை மக்களுக்கும் நீட்டிப்பது இதே பிழையின் இரு படிகள்.

உண்மைக்கும் முன்முடிவுக்கும் இடையிலான எல்லை

‘இக்குழுவில் இத்தனை விழுக்காட்டினர்’ என்பது உண்மைக் கூற்று. ‘இவர் இக்குழுவினர், எனவே இவருக்குப் பால் சேராது’ என்பது முன்முடிவு. 66.6 விழுக்காடு என்னும் எண்ணை அப்படியே கொண்டாலும், தென்னிந்தியர் எல்லாரையும் ஏற்பின்மை உடையவராகக் கருதினால் மூவரில் ஒருவர் குறித்துப் பிழை நேரும். வடஇந்தியர் எல்லாருக்கும் பால் ஏற்கும் என்றால் நால்வரில் ஒருவருக்கு மேல் பிழை நேரும்.

இப்பிழையின் விலையைக் குழந்தைகளே மிகுதியாகக் கொடுக்க நேரிடும். கடும் வயிற்றுப்போக்கால் சிறுகுடலின் உட்பரப்பு சிதையும்போது லாக்டேஸ் தற்காலிகமாகக் குறையும். குடல் தேறியதும் பெரும்பாலும் மீளும். மலைக் கிராமத்துக் குழந்தையொன்றிடம் தோன்றும் இந்நிலையைச் ‘சமூக இயல்பு’ எனக் கொண்டால், தொற்றும் தூய்மையற்ற குடிநீரும் கவனத்திலிருந்து நழுவும். மலிவான புரதமும் கால்சியமும் தேவையின்றி நிறுத்தப்படும். வயிற்றுப்போக்கின்போதும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. மறுதலையாக, வேறுபாடே இல்லை எனக் கொண்டு அனைவருக்கும் பாலை வற்புறுத்துவதும் உண்மையை மறுப்பதாகும். முட்டை, கேழ்வரகு, கீரை ஆகியவற்றுக்கும் இடமளிக்கும் உணவுத் திட்டம் இவ்விரு பிழைகளையும் தவிர்க்கும்.

முடிவுரை

குழுசார் விகிதம், எவ்வினாவைக் கேட்க வேண்டும் என்பதை மருத்துவருக்கு உணர்த்தலாம்; விடையை, அவர்முன் அமர்ந்திருப்பவரின் அனுபவமும், தேவையாயின் மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் சோதனையும் தர வேண்டும். விகிதங்களைத் தமிழில் எழுதுவோர், சோதிக்கப்பட்டவர் யார், எங்கே, எத்தனை பேர் என்பவற்றை எண்ணோடு சேர்த்தே குறிப்பிடுதல் வேண்டும். அக்குறிப்புகள் உதிரும்போதுதான் எண் முன்முடிவாகிறது.