அம்மாவுக்கு எந்த மூட்டு?

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துவிட நம்மில் பலர் நினைக்கிறோம். விலை கூடிய மூட்டுதான் நல்லது என்று கடன் வாங்கவும் துணிகிறோம்.

பெரும்பாலோருக்குக் கோபால்ட் குரோமியம் மூட்டே போதும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிர்கோனியம் மூட்டு உண்டு. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு இவற்றுக்கு விதித்த உச்சவிலை, வரி நீங்கலாக, முறையே 54,720 ரூபாய், 76,600 ரூபாய். 2019இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வின்படி, மாற்றிய முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன.

உலோகத்தைவிட மருத்துவரின் அனுபவமும், பின்னர் தவறாமல் செய்யும் உடற்பயிற்சியுமே முக்கியம். மூட்டின் பெயர், அளவு, வரிசை எண் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னாளில் அம்மா நம்மோடு ஷார்ஜாவில் இருக்கையில் மூட்டில் கோளாறு வந்தால், இங்குள்ள மருத்துவருக்கு அதுதான் உதவும்.