ஷூ டப்பாவுக்குள்ள ஒரு ஏரி!

பொன்னேரியில பஸ் பிடிச்சு பழவேற்காட்டுல இறங்குறவங்க கேட்கிற முதல் கேள்வி, ''மீன் எங்கே நல்லா கிடைக்கும்?'' அடுத்த கேள்வி, ''பூநாரை எந்தப் பக்கம் வரும்?'' கொஞ்சம் ஹிஸ்டரி ஆர்வம் உள்ளவங்க மட்டும் மூணாவதா ஒண்ணு கேட்பாங்க... ''இங்கே டச்சுக்காரங்க கோட்டை இருந்ததாமே, அது எங்கே?''

கை காட்டுற இடத்துக்குப் போனா, முள்ளுப் புதரும் மண்மேடும்தான் இருக்கு! 1613-ல் கட்டப்பட்ட ஜெல்டிரியா கோட்டை அது. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம். பக்கத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் மட்டும் வாசலில் எலும்புக்கூடு சிற்பங்களோடு இன்னமும் நிற்கிறது. செத்தவங்களோட வீடு பத்திரம்... இருந்தவங்களோட வீடு காலி!

சரி, கோட்டை போனா போகட்டும். இதே கரையில் நம்ம தாத்தா காலத்து கட்டுமரம் எத்தனை மிச்சம்? 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமா ஃபைபர் படகுகள் நிறைய வந்து இறங்கின. மரத்தைக் கட்டி கடலுக்குப் போன காலம் வேகமா கதையாகிட்டு வருது. ஓலைக் கூரை வீடுகள், வலைக் கொட்டகைகள் எல்லாம் அதே வரிசையில்தான். இன்னும் நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து, ''இங்கே மீனவ குப்பம் இருந்ததாமே, எப்படி இருந்துச்சு?''னு கேட்டா எதைக் காட்டுறது?

போட்டோ இருக்கு, வீடியோ இருக்கு. ஆனா, கையால செஞ்சு, சுத்திச் சுத்திப் பார்க்கிற மாதிரி ஒரு குட்டிப் பழவேற்காடு இருந்தா? அந்தக் குட்டி உலகத்துக்குப் பேர்தான் டயோரமா. சிற்பக் கலையின் செல்லப் பிள்ளை!

கொலு பார்க்ல ஆரம்பிச்ச கலை!

''டயோரமாவா? அதெல்லாம் ஃபாரின் மேட்டர்!''னு ஒதுங்காதீங்க பாஸ். நவராத்திரிக்கு வீட்டுல கொலு வெச்சப்போ, படிக்குப் பக்கத்துல ஒரு 'பார்க்' போட்டீங்களே, ஞாபகம் இருக்கா? முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்கப் போட்டு குளம். கடுகும் கேழ்வரகும் முளைக்க வெச்சு புல்வெளி. மணலைக் குவிச்சு மலை. அதுல ஏறிப்போற பிளாஸ்டிக் யானை. அது அக்மார்க் டயோரமா. தராசும் பலசரக்குமா கடை விரிச்சு உட்கார்ந்திருக்கிற செட்டியார் பொம்மையும், நாதஸ்வரம் மேளத்தோட வர்ற கல்யாண செட்டும் அதே வகையறாதான். தனி பொம்மை ஒரு உருவம். நாலு பொம்மையை ஒரு இடத்துல, ஒரு வேலையில சேர்த்து வெச்சா அது ஒரு கதை.

இன்னும் பின்னால போனா மாமல்லபுரம். திரௌபதி ரதத்தைப் பாருங்க... ஒரு கூரைக் குடிசையை அப்படியே ஒற்றைப் பாறையில் இறக்கி வெச்சிருக்காங்க. பக்கத்தில் தர்மராஜ ரதத்தின் தளங்களில் வரிசையா நிற்பதெல்லாம் குட்டிக் குட்டிக் கோயில் வடிவங்கள். சின்னக் கோயில்களை அடுக்கிப் பெரிய கோயில் கட்டுவது நம்ம சிற்பிகளுக்குப் பழகின கணக்கு. பழவேற்காட்டிலேயே ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னச் செதுக்கல்களாகப் பார்க்கலாம். தஞ்சாவூரில் நெட்டியைச் சீவி பெரிய கோயிலையே கண்ணாடிப் பெட்டிக்குள் அடக்குகிறார்கள். அந்த நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெட்ரோனெல்லாவின் பொம்மை வீடு

டயோரமா என்கிற பேர் மட்டும் பாரீஸ்காரர் தந்தது. 1822-ல் டாகேர் என்பவர் அங்கே ஒரு அரங்கம் திறந்தார். பிரமாண்டமான ஓவியத் துணி மேல் வெளிச்சத்தை மாத்தி மாத்திப் பாய்ச்சி, பகலை ராத்திரியாக்கிக் காட்டுவார். ஜனங்க வாயைப் பிளந்தாங்க. பிற்பாடு போட்டோகிராஃபியைப் பிரபலமாக்கினாரே, அதே டாகேர்தான்! நாளாவட்டத்தில் அந்தப் பேர் குட்டி உருவங்கள் வெச்ச காட்சிப் பெட்டிகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

அதுக்கும் முன்னாடி, ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்கிற பணக்காரப் பெண்மணி ஒரு வேலை செஞ்சாங்க. 1686-ல் இருந்து 1710 வரைக்கும் பார்த்துப் பார்த்து ஒரு பொம்மை வீட்டை நிரப்பினாங்க. அதுக்காகவே சீனாவில் ஆர்டர் கொடுத்த குட்டிப் பீங்கான் சாமான்கள், நிஜ வீட்டில் இருக்கிற மாதிரியே மரச்சாமான், சமையலறை... அந்தச் செலவில் கால்வாய்க் கரையில் ஒரு நிஜ வீடே வாங்கியிருக்கலாம். ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்னிக்கும் அதைப் பார்க்க கூட்டம் நிக்குது.

இந்த நெதர்லாந்துக்கும் நம்ம பழவேற்காட்டுக்கும் அந்த நூற்றாண்டில் நேரடி டீலிங்! சோழமண்டலத்துத் துணிகள் இந்தக் கோட்டை வழியாகக் கப்பல் ஏறின. துணி மட்டுமா? ஆயிரக்கணக்கான மனுஷங்களும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டு பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனாங்க. ஆம்ஸ்டர்டாம் வீட்டின் ஸ்பூன் வரைக்கும் குட்டியாக இருக்கு. அந்த ஊருக்குச் செல்வம் சேர்த்த பழவேற்காட்டுக் கரைக்கு ஒரு குட்டி உருவம்கூட இல்லை. யாருடைய உலகம் பத்திரமா சின்னதாகுது என்பதும் ஒரு அரசியல்தான் ஃப்ரெண்ட்ஸ்.

தெருவில் திரியும் குட்டி மனிதர்கள்

சார்லஸ் சைமண்ட்ஸ் என்கிற அமெரிக்கச் சிற்பி 1970-களில் நியூயார்க்கின் ஏழைகள் வாழும் தெருக்களில் உட்கார்ந்து, இடிந்த சுவர்ப் பொந்துகளில் களிமண்ணால் குட்டிக் குட்டி வீடுகள் கட்டினார். கண்ணுக்குத் தெரியாத 'குட்டி மனிதர்கள்' அங்கே வாழ்ந்துவிட்டுக் கிளம்பிப் போன மாதிரி இருக்கும். இடிபட்டு, காலி செய்யப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பேட்டையில் வீடு பற்றிப் பேச அவருக்குக் கிடைத்த வழி அது.

லண்டனின் ஸ்லின்காச்சு 2006-ல் இருந்து பொம்மை ரயில் செட்டில் வரும் குட்டி மனிதர்களைத் தெருவில் வெச்சு, போட்டோ எடுத்து, அப்படியே விட்டுட்டு வந்துடுவார். ஜப்பானின் தட்சுயா தனாகா 2011-ல் ஆரம்பிச்சு நாளுக்கு ஒண்ணா காட்சி அமைக்கிறார். அவர் உலகத்தில் ப்ரோக்கோலிதான் மரம்!

இவங்களுக்கெல்லாம் முன்னாடி, 1940-களில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்கிற அமெரிக்கப் பெண்மணி, மர்ம மரணங்கள் நடந்த அறைகளை 1:12 அளவில் செஞ்சாங்க. போலீஸ்காரர்கள் துப்பறியும் பயிற்சி எடுக்க! ஒரு காலண்டர் தேதி, ஒரு ரத்தத் துளி எதுவும் இடம் மாறக் கூடாது. டயோரமாவில் சின்ன விவரம் எவ்வளவு பெரிய சாட்சி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

நாமளும் செய்யலாமா?

கணக்கில் ஆரம்பிப்போம். ரயில் பொம்மைக்காரர்களின் பிரபல அளவு 1:87. இதில் ஐந்தரை அடி மனிதர் 2 செ.மீ.க்குள் அடங்கிடுவார். 30 செ.மீ. நீள ஷூ டப்பாவில் 26 மீட்டர் கரை கிடைக்கும். ஏரி முழுசையும் செய்யணும்னு ஆசைப்படாதீங்க. சுமார் 60 கி.மீ. நீள ஏரியை இந்த அளவில் செஞ்சா 690 மீட்டர் வரும். காலேஜ் கிரவுண்டே பத்தாது! ஸோ, ஒரே ஒரு படகுத்துறை, ஒரே ஒரு காலைப் பொழுது போதும்.

உடம்பு: பழைய சார்ஜர் ஒயரைப் பிரிச்சா மெல்லிசான செம்புக் கம்பி கிடைக்கும். அதில் எலும்புக்கூடு மாதிரி வளைச்சு, மேலே எம்-சீல் பூசி உருவம் பிடிங்க. முகம் முக்கியமில்லை. 2 செ.மீ. ஆளுக்கு மூக்கு முழி யாரும் பார்க்கப் போறதில்லை. முதுகு வளைவு, தோள் சாய்வு, கால் ஊன்றும் விதம்... இதில்தான் வலை இழுக்கிறவரா, வலை பின்னுறவரா என்று தெரியும்.

தண்ணீர்: பலகையில் பெயின்ட் அடிச்சு, அது மேல ஃபெவிகாலை மெல்லிசா பல தடவை பூசுங்க. காய்ஞ்சா கண்ணாடி மாதிரி ஆகிடும். காசு இருந்தா ரெசின். ஒரு எச்சரிக்கை... நீலம் அடிக்காதீங்க! கரையோர ஏரித் தண்ணி சேறு கலந்த பச்சை.

மணல்: கடற்கரை மணலை அப்படியே கொட்டினா சொதப்பிடும். 1 மி.மீ. மணல் இந்த அளவில் 9 செ.மீ. கல்! துணியில் சலிச்ச தூள்தான் சரி.

வலை, கூரை: காயத்துக்குக் கட்டுற காஜ் துணி சூப்பர் வலை. கூரைக்குப் பனை ஓலைச் சீவல். பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை முடைகிறார்கள். அவர்கள் நறுக்கி எறியும் துண்டு உங்களுக்குத் தங்கம்.

பறவை: பூநாரை 1.5 செ.மீ. உயரம் இருக்கணும். மனுஷனைவிடக் கொஞ்சம்தான் குள்ளம்!

எதை விடுறது... அதான் கேள்வி!

இது வரைக்கும் கைவேலை. கலை ஆரம்பிக்கிற இடம் இனிமேல்தான். ஏன்னா, டப்பாவுக்கு நாலு சுவர் இருக்கு. உள்ளே எது, வெளியே எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களைப் பிரிச்சு, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்று சீட்டுப் போட்டு பட்டினவர் சமூகத்து மீனவர்கள் பகிர்ந்துக்கிறாங்க. ஏரிக்கு நடுவுல வேலி கிடையாது. ஆனா, கட்டுப்பாடு உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சட்டத்தை எப்படிச் செதுக்குவீங்க? வட்டமா உட்கார்ந்து சீட்டு எடுக்கிற பத்துப் பேரை வெச்சாத்தான் தெரியும். வெறும் படகையும் சூரிய அஸ்தமனத்தையும் வெச்சா அது காலண்டர் படம்!

அந்தப் பாடு வட்டத்துக்கு வெளியே, கழுத்தளவுத் தண்ணியில் ஒருத்தங்க இருப்பாங்க. பறியைப் பல்லால் கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண். 1:87 அளவில் அவங்க ஒரு தலையும் ஒரு சின்னக் கூடையும்தான். ஒரு மிளகு அளவு. அதை வைக்க மறந்துட்டா யாருக்குமே தெரியாது. வெச்சுட்டா, ஏரி எவ்வளவு ஆழம், யார் எவ்வளவு நனைகிறாங்க என்று மொத்தக் காட்சியும் சொல்லிடும்.

பின்னணி அட்டையில் வானம் மட்டும் வரையப் போறீங்களா? தெற்கே எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையப் புகைபோக்கிகள்? காட்டுப்பள்ளித் துறைமுகம்? அந்தத் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை இந்தப் பக்கத்து மீனவர்கள் வருஷக்கணக்கா எதிர்த்து வந்திருக்காங்க. 'அழகைக் கெடுக்குது'ன்னு அதை அழிச்சுட்டா, குப்பத்தோட கவலையையும் சேர்த்து அழிச்ச மாதிரி.

ரியல் எஸ்டேட் கண்காட்சிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாடல் பார்த்திருப்பீங்க. பச்சைப் பசேல்னு மரம், பளபள கார், கோட் சூட் போட்ட குட்டி மனுஷங்க. பக்கத்துக் குடிசை, கருவாடு காயுற களம், தெருக்குழாய் வரிசை எதுவும் இருக்காது. அதுவும் மினியேச்சர்தான், அதைச் செஞ்சவரும் திறமைசாலிதான். வரப்போகிற உலகத்தை அந்தப் பெட்டி காட்டுது. இருக்கிற உலகத்தைக் காட்ட நம்மகிட்ட ஒரு பெட்டி இருக்க வேண்டாமா?

ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிறவங்க மட்டும்தான் செய்யணும்னு இல்லை. ஆர்க்கிடெக்சர், விஸ்காம், ஹிஸ்டரி, ஜுவாலஜி ஸ்டூடன்ட்ஸ் நாலு பேர் சேர்ந்தா ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட். ஒரு விஷயம் மட்டும்... போட்டோ பார்த்துச் செஞ்சு, டிபார்ட்மென்ட் ஷோகேஸில் பூட்டிடாதீங்க. பாதி வேலையிலேயே டப்பாவைத் தூக்கிக்கிட்டு குப்பத்துக்குப் போங்க. வலை பின்னிக்கிட்டு இருக்கிற பெரியவர்கிட்ட, ''ஐயா, இது சரியா இருக்கா?''னு கேளுங்க.

கட்டுமரத்தை நீங்க கட்டின முடிச்சு தப்பு, வலை காயுற பக்கம் தப்பு, இந்த நேரத்துக்கு இந்த ஆள் இங்கே நிக்க மாட்டான் என்று வரிசையா தப்பு கண்டுபிடிப்பார். முடிச்சு எப்படின்னு அவரே நூலை வாங்கிப் போட்டும் காட்டலாம். நூலையும் கத்திரிக்கோலையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க!