தேதியை மறந்த கம்ப்யூட்டர்

சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேடு பக்கத்திலிருந்து ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கோடை விடுமுறை முடிந்து கம்ப்யூட்டர் லேபைத் திறந்தால், சில கம்ப்யூட்டர்கள் தேதியை 2012 ஜனவரி 1 என்று காட்டுகின்றனவாம். இணைய இணைப்பு இருக்கிறது, ஆனால் தளங்கள் திறக்க மறுக்கின்றன. பார்க்க வந்தவர், “போர்டு போச்சு, கண்டம் பண்ணிடுங்க” என்று, கழித்துக்கட்டச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். “நிஜமாகவே போய்விட்டதா?” என்று கேட்கிறார் ஆசிரியை.

பெரும்பாலும் போயிருக்காது. தீர்ந்தது ஒரு பட்டன் செல்லாகத்தான் இருக்கும்.

சி.பி.யு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால் மதர்போர்டில் வெள்ளி நாணயம் போல ஒன்று பதிந்திருக்கும். அதன் பெயர் சிஆர் 2032. அந்த எண்ணிலேயே அளவும் இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட். விலை நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

கம்ப்யூட்டர் முழுவதுமாக அணைந்த பிறகும் ஒரு கடிகாரம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் கொடுப்பதுதான் இந்த செல்லின் வேலை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் இன்று என்ன தேதி என்று அது நம்மைக் கேட்கும். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில்தான் பேட்டரியோடு கூடிய கடிகாரம் மதர்போர்டிலேயே இடம்பெற்றது.

அந்தக் கடிகாரத்தின் இதயம் ஒரு துளி குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டால் அது நொடிக்குச் சரியாக 32,768 முறை அதிரும்படி அறுத்திருப்பார்கள். ஏன் அப்படியொரு விநோத எண்? 32,768ஐப் பாதியாக்குங்கள், 16,384. மறுபடி பாதியாக்கினால் 8,192. இப்படிப் பதினைந்து முறை செய்தால் மிச்சம் நிற்பது ஒன்று. கம்ப்யூட்டர் சில்லுக்குப் பாதியாக்குவதுதான் எல்லாவற்றிலும் எளிய கணக்கு. பதினைந்து படி இறங்கினால் ஒரு நொடி கையில் கிடைத்துவிடுகிறது. குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரமும் கைக்கடிகாரமும் நடப்பது இதே கணக்கில்தான். இதற்குச் செலவாகும் மின்சாரம் வெறும் சில மைக்ரோ ஆம்பியர். அதனால்தான் சின்ன செல் ஒன்று பல வருடம் தாங்குகிறது.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போனாலும் பாட்டி மட்டும் வீட்டிலேயே இருப்பார். தினமும் காலையில் காலண்டரில் ஒரு தாள் கிழிப்பார். நாங்கள் திரும்பி வரும்போது சுவரில் அன்றைய தேதி இருக்கும். இந்த செல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது.

தேதி தப்பானால் இணையம் ஏன் திறக்காது? ஒவ்வொரு தளமும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். நம் கம்ப்யூட்டர் 2012இல் நின்றால், இந்த வருடத்துச் சான்றிதழ் அதற்கு இன்னும் செல்லுபடியாகாத ஒன்று. மோசடியோ என்று பயந்து கதவைச் சாத்திவிடுகிறது. இணையத்திலிருந்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. ஆனால் வித்தியாசம் பல மணி நேரத்தைத் தாண்டினால் அதுவும் நம்பாமல் விட்டுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளக் செருகி சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் போர்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்போது செல்லுக்கு ஓய்வு. பிளக்கைப் பிடுங்கி வைத்தால் முழுப் பாரமும் செல்லின் மேல்தான். ஆக, விடுமுறைக்கு முன் எல்லாவற்றையும் பிடுங்கிப் பத்திரமாக வைக்கிற பள்ளியில்தான் செல் சீக்கிரம் தீரும். அதற்காகப் பிடுங்காமல் விட்டுவிடாதீர்கள். சேர்வராயன் மலை இடிக்கு முன்னால் ஒரு செல் பெரிய இழப்பில்லை. நெட்வொர்க் கேபிளையும் சேர்த்தே கழற்றிவிடுங்கள்.

மாற்றுவது எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். செல்லின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் செல் எம்பி வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பக்கத்திலிருக்கும் பாகங்களில் கீறல் விழும். புது செல்லைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டுத் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. பழைய செல்லைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். உயிருக்கே ஆபத்து.

மற்ற கோளாறுகளும் பெரும்பாலும் இப்படித்தான். திடீர் திடீரென்று அணைந்தால் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். போட்டதும் பீப் சத்தம் மட்டும் வந்தால் ரேமைக் கழற்றித் துடைத்துச் செருகிப் பார்க்கலாம். ஆமை வேகம் என்றால் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். மூடுபனி மாதங்களில் வாரம் ஒரு முறையாவது எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும்.

பள்ளியில் இருக்கும் டேப்லெட்டின் பகை வேறு. லித்தியம் அயான் பேட்டரிக்கு முழு வயிறும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. முழுக்க சார்ஜ் ஏற்றி 40 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவில் சுமார் 35 சதவீதம் போய்விடும் என்பது பொதுவான கணக்கு. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் வைத்தால் போவது சுமார் 4 சதவீதம்தான். சேலத்து வெயிலில் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் டேப்லெட்டைவிட மலையில் இருப்பதற்கு ஆயுள் கெட்டி. விடுமுறைக்கு முன் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் குப்பையாகிவிடாது. அதிலேயே லினக்ஸ் இயங்குதளம் ஓடும். கேரள அரசுப் பள்ளிகளில் பல வருடமாக அதுதான் ஓடுகிறது. நம் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும், சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது.

அரசுப் பணத்தில் வாங்கியது என்பதாலேயே ஒரு பொருளுக்கு ஆயுள் குறைந்துவிடக் கூடாது. ஒரு மடிக்கணினியால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. அதை இன்னும் நாலு வருடம் ஓட்டுவதுதான் நாம் செய்யக்கூடிய நல்ல காரியம். புதிதாக வாங்கப் பெரிய தொகை ஒதுக்குகிறோம். நூறு ரூபாய் செல் வாங்க மட்டும் தலைமையாசிரியர் தன் பையில் கைவிட வேண்டியிருக்கிறது. பழுதுக்கென்று ஒரு சிறு தொகை ஒவ்வொரு பள்ளியின் கையிலும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஆர்வமுள்ள நாலு பிள்ளைகளுக்குப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லித்தர வேண்டும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘கண்டம்’ என்று எழுதும் முன், என்ன பழுது, எதை மாற்றிப் பார்த்தோம் என்று எழுத ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது.